ஆறு லட்சம், கையில் கொடுத்தது

கடன் தர வேண்டியவன் கண்டால் ஒளிந்துகொள்வான் என்று நானும் ஒரு காலத்தில் நம்பிக்கொண்டிருந்தேன். எனக்கு ஆறு லட்சம் தர வேண்டிய மனிதர் ஒரு நாள்கூட ஒளிந்ததில்லை. கம்பம் மெயின் ரோட்டில் என்னைப் பார்த்தால் காரை ஓரங்கட்டி, கண்ணாடியை இறக்கி, "மாப்ளே, சாப்டியா?" என்று கேட்பார். சாப்பிட்டேன் என்பேன். "நேரத்துக்குச் சாப்பிடணும்லே, உடம்பு முக்கியம்" என்று அக்கறையாகச் சொல்லிவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொள்வார். பணத்தைப் பற்றி நான் வாய் திறப்பதற்குள் கார் சிக்னலைத் தாண்டியிருக்கும். அவ்வளவு தடித்த தோல் எனக்கு இருந்திருந்தால் நானும் இந்நேரம் பெரிய மனிதனாகியிருப்பேன்.

அவர் ஏலக்காய் வியாபாரி. குமுளிக்கு மேலே தோட்டம், கம்பத்தில் கடை. நான் காமயகவுண்டன்பட்டிக்காரன். பாலிடெக்னிக்கில் சிவில் படித்துவிட்டுக் கட்டட வேலை எடுத்துச் செய்கிறவன். எங்களுக்குள் சொந்தம் எதுவும் கிடையாது. முறைக்கு மாமா ஆகிறது என்று அவர்தான் முதல் நாளே கண்டுபிடித்துச் சொன்னார். எங்கள் பள்ளத்தாக்கில் ஒருவரை மாமா என்று கூப்பிட்டுவிட்ட பிறகு, "ஒரு அக்ரிமெண்ட் போட்டுக்கலாமா?" என்று கேட்க வாய் வராது. கேட்டால் கேட்டவன்தான் கேவலமானவன். நான் கேட்கவில்லை. சதுர அடிக்கு இவ்வளவு என்று வாயால் பேசி, வெற்றிலை பாக்கில் அட்வான்ஸ் வாங்கி, வேலையைத் தொடங்கினேன்.

எங்கள் ஊருக்குப் போகிற சாலையில், தென்னந்தோப்பை ஒட்டி வீடு. கேரளாவுக்குப் போய்ப் போய் வந்ததில் அவருக்கு எல்லாமே மலையாளத்து மோஸ்தரில் இருக்க வேண்டும். கான்கிரீட் போட்ட பிறகு, மேலே சரிவாக ஓடு வேண்டும் என்றார். ஓடு போட்ட பிறகு, போர்ட்டிகோவுக்கு மரத்தூண் வேண்டும் என்றார். "அடிபொளியா இருக்கணும் மாப்ளே, செலவப் பத்தி யோசிக்காத" என்றார். நான்தான் யோசித்திருக்க வேண்டும். பேசிய தொகை முழுவதும் ஒழுங்காக வந்தது. பேசாமல் செய்த வேலைக்கெல்லாம் சேர்த்து ஆறு லட்சம் நின்றது.

எங்கள் தொழிலில் ஒரு நடைமுறை உண்டு. கடைசித் தவணை கைக்கு வரும் வரை ஏதாவது ஒன்றை மாட்டாமல் வைத்திருப்போம். தண்ணீர் மோட்டாராக இருக்கலாம், மெயின் போர்டாக இருக்கலாம், வாசல் பூட்டாக இருக்கலாம். கேட்டால், சரக்கு இன்னும் வரவில்லை என்போம். வீட்டுக்காரருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். பணம் வந்த அன்றைக்கே சரக்கும் வந்துவிடும். நான் மோட்டாரை மாட்டாமல் வைத்திருந்தேன்.

பால் காய்ச்சுவதற்கு முந்தின நாள் மாமா வந்தார். தோளில் கை போட்டார். "நாளைக்கு அம்புட்டு சனம் வரும், கை கழுவத் தண்ணி வேண்டாமா? முடிஞ்ச மறுநாளே செட்டில் பண்ணிருவோம் மாப்ளே, நான் எங்கன ஓடிப்போகப் போறேன்?" என்றார். ஓடிப் போக மாட்டார் என்பது சத்தியமான உண்மை. நான் மோட்டாரை மாட்டிக் கொடுத்தேன். மறுநாள் மேடையில் என்னைக் கூப்பிட்டு, கரை போட்ட பாலியெஸ்டர் வேட்டியும் துண்டும் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தார்கள். பன்னீர் தெளித்தார்கள். வீடியோக்காரர் சாவியை அதே தாம்பாளத்தில் வைக்கச் சொன்னார், படம் நன்றாக வரும் என்று. வைத்தேன். படம் உண்மையிலேயே நன்றாக வந்திருக்கிறது. ஆறு லட்சத்தைத் தாரை வார்க்கும்போது ஒரு மனிதன் எப்படிப் பல்லைக் காட்டுவான் என்று பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அந்த வீடியோவைப் பார்க்கலாம்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரிந்த கதை. முதலில் ஏலக்காய் விலை விழுந்துவிட்டது. பிறகு சம்சாரத்துக்கு உடம்பு சரியில்லை. பிறகு போர்ட்டிகோ பூச்சில் மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தது, அதை விரிசல் என்றார். கணக்கை எழுதிக்கொண்டு வா என்றார். எழுதிக்கொண்டு போனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்துவிட்டு, "மரத்தூணு நானா கேட்டேன்?" என்றார். அந்தத் தூணில்தான் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

என் கழுத்துக்குக் கத்தி வந்தது வேறு பக்கத்திலிருந்து. கம்பியும் சிமெண்டும் கம்பத்து ஹார்டுவேர் கடையில் கடனுக்கு எடுத்தவை. கடைக்காரர் மாமாவைப் போல வாய்ப் பேச்சை நம்புகிற ஆள் இல்லை. ஆறு லட்சத்துக்கு என்னிடம் செக் வாங்கி, ஆனி மாதத்துத் தேதி போட்டு வைத்திருந்தார். "தம்பி, உங்க மேல நம்பிக்கை இருக்கு. ஆனா செக்குக்கு மூணு மாசந்தான் உசுரு. ஆவணி வளர்பிறை வரைக்கும் பொறுக்குறேன். அதுக்கு மேல பேங்குல போட்டுருவேன்" என்றார். பத்து வருடமாகப் பழகிய மனிதர். ஏமாற்றாத மனிதரும்கூட. அதனால் அவரைத் திட்டவும் வழியில்லை.

உத்தமபாளையத்தில் ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தேன். அவர் எனக்கு நாட்டின் சட்டத்தை விளக்கினார். எனக்கு வர வேண்டிய பணம் சிவில். நான் கொடுக்க வேண்டிய செக் திரும்பினால் அது கிரிமினல். மாமா தராவிட்டால் அவருக்கு ஒன்றும் ஆகாது. நான் தராவிட்டால் உள்ளே போக வேண்டி வரலாம். "அவுக எதுலயும் கையெழுத்துப் போடல, நீங்க போட்டுட்டீங்க. வித்தியாசம் அம்புட்டுதான்" என்றார் வக்கீல். அவர் சிரித்தது என்னைப் பார்த்தா சட்டத்தைப் பார்த்தா என்று தெரியவில்லை. கேஸ் போட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். கோர்ட் கட்டணம் கட்ட வேண்டும், கோர்ட் அனுப்புகிற கமிஷனர் வந்து கட்டடத்தை அளப்பார், எதிர்த்தரப்பு வாய்தா வாங்கும், தீர்ப்பு வந்தாலும் அப்பீல் போவார்கள். "ஒண்ணும் கவலப்படாதீக, உங்க மக கல்யாணத்துக்குள்ள தீர்ப்பு வந்துரும்" என்றார். மகள் அப்போது இரண்டாம் வகுப்பு.

நோட்டீஸ் மட்டும் அனுப்பினோம். நாலு நாள் கழித்து மாமாவிடமிருந்து போன் வந்தது. கோபப்படுவார் என்று நினைத்துத்தான் எடுத்தேன். "நோட்டீஸ் வந்துச்சு மாப்ளே. இங்கிலீஷ் சூப்பரா இருக்கு, யாரு எழுதுனது?" என்றார். அடுத்த வாரம் அவருடைய வக்கீல் பதில் அனுப்பினார். வேலை தரமில்லாததால் நான்தான் அவருக்கு இரண்டு லட்சம் நஷ்டஈடு தர வேண்டுமாம்.

போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டர் என் மனுவை முழுவதும் படிக்கவே இல்லை. முதல் வரியிலேயே "சிவில் மேட்டர்" என்று திருப்பிக் கொடுத்தார். அரசியல் கட்சிக்காரர் ஒருவர் தானாகவே என்னைத் தேடி வந்து, மூன்று நாளில் வாங்கித் தருகிறேன், பாதி எனக்கு என்றார். பாதி பணத்தையும் முழு வம்பையும் ஒருசேர விலைக்கு வாங்குகிற அளவுக்கு நான் இன்னும் போகவில்லை. ஊர்ப் பெரியவர்கள் நாலு பேரைப் பேசச் சொல்லி அனுப்பினேன். போன இடத்தில் கறிச்சாப்பாடு போட்டிருக்கிறார் மாமா. திரும்பி வந்து, "நல்லா கவனிச்சாக. பெரிய குடும்பம்ப்பா, நீதான் கொஞ்சம் விட்டுக் குடுத்துப் போகணும்" என்று எனக்குப் புத்தி சொன்னார்கள். ஒருவர் பல் குத்திக்கொண்டே சொன்னார். டீக்கடையில் என்னைப் போல இன்னொரு கான்ட்ராக்டர், "செப்டிக் டேங்க் பைப்புல ஒரு சட்டி கான்கிரீட் ஊத்திட்டு வா, தானா வந்து காலப் புடிப்பான்" என்றார். நாலு பெரியவர்கள் சொன்னதைவிட அது எனக்கு நியாயமாகப் பட்டது. பைப் எந்தப் பக்கம் போகிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் நானே போட்ட பைப்பை நானே அடைக்க மனம் வரவில்லை.

இந்த லட்சணத்தில், ஆனி மாதம், மாமாவின் வீட்டிலிருந்து பத்திரிகை வந்தது. பேரனுக்குக் காதுகுத்து. தேனியில் அல்லிநகரம் பக்கம் பெரிய மண்டபம். எனக்குப் பணம் தர வேண்டிய மனிதர், நான் வந்து மொய் எழுத வேண்டும் என்று எனக்கே பத்திரிகை அனுப்பியிருக்கிறார். அதுவும் ஆள் விட்டு, மஞ்சள் தடவி. நான் அதைக் கிழிக்கப் போனேன். என் மனைவி பிடுங்கிக்கொண்டாள்.

"போங்க. போயி மொய் எழுதிட்டு வாங்க."

"எம்புட்டு எழுதணுமாம்?"

"ஆறு லட்சம்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே விளக்கினாள். "வக்கீலு கேட்டா பதில் சொல்லுவாக. நீங்க கேட்டா சாப்டியாம்பாக. மைக்குல சொன்னா என்ன சொல்லுவாக?"

எங்கள் பக்கத்து மொய்யைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இன்று நீங்கள் என் வீட்டு விசேஷத்தில் எழுதியதை, நாளை உங்கள் வீட்டு விசேஷத்தில் நான் கொஞ்சம் சேர்த்துத் திருப்பிச் செய்தாக வேண்டும். பேங்க் கடனைக் கட்டாதவன் எங்கள் ஊரில் கெட்டிக்காரன். மொய்யைத் திருப்பாதவனுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள். இப்போது நோட்டில் எழுதுவதுகூடக் கிடையாது. மொய் எழுதுவதற்கென்றே ஆட்கள் வாடகைக்கு வருகிறார்கள், கம்ப்யூட்டரும் பில் மெஷினுமாக. பெரிய தொகையாக இருந்தால் மைக்கில் வாசிப்பார்கள். நெருங்கிய சொந்தக்காரர்கள் சில பேர் முன்கூட்டியே வீட்டுக்காரர் கையில் பணத்தைக் கொடுத்துவிட்டு, மண்டபத்தில் பெயரை மட்டும் பதிந்துகொள்வார்கள். அதற்கு 'கையில்' என்று போடுவார்கள்.

மண்டபத்துக்குப் போனேன். அந்தப் பாலியெஸ்டர் வேட்டியைத்தான் கட்டிக்கொண்டு போனேன், மரியாதைக்கு. மொய் மேஜையில் உட்கார்ந்திருந்த மூன்று பேரும் உசிலம்பட்டிப் பக்கத்து ஆட்கள், உள்ளூர்க் கதை எதுவும் தெரியாதவர்கள். பெயரையும் ஊரையும் சொன்னேன். தொகையைச் சொன்னதும் தட்டச்சு செய்கிற பையன் விரலை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தான்.

"ரொக்கமாண்ணே?"

"மாமா கையிலயே குடுத்தாச்சுப்பா. கையில்னு போடு."

இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. கம்பி, சிமெண்ட், ஓடு, மரத்தூண் எல்லாம் அவர் கையில்தான் இருக்கின்றன. அவன் தட்டினான், பில் வந்தது, மைக்செட்காரர் அதை வாங்கிக்கொண்டு தொண்டையைச் செருமினார். என் பெயரை வாசித்தார், ஊரை வாசித்தார், "கட்டட கான்ட்ராக்டர்" என்றார். பிறகு, "மொய் ஆறு லட்சம்! ஆறு லட்சம் ரூபாய்! கையில் கொடுத்தது!" என்று மண்டபம் அதிர ஒரு தடவைக்கு இரண்டு தடவை வாசித்தார். பந்தியில் இருந்தவர்கள் இலையிலிருந்து தலையைத் தூக்கினார்கள்.

மாமா மேடையில் நின்றிருந்தார். முகம் ஒரு கணம் வெளுத்தது. அந்த ஒரு கணத்தில் அவர், "நான் வாங்கவில்லை" என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன பணம், ஏன் எழுதினான் என்று ஆயிரம் பேர் கேட்பார்கள். அதற்குள் பக்கத்தில் நின்ற சம்பந்தி அவர் கையைப் பிடித்துக் குலுக்க ஆரம்பித்துவிட்டார். வீட்டைக் கட்டிக் கொடுத்த கான்ட்ராக்டரே ஆறு லட்சம் செய்கிறான் என்றால் இவர் எப்பேர்ப்பட்ட மனிதர்! இன்னும் இரண்டு பேர் வந்து கையைப் பிடித்தார்கள். மாமாவின் மார்பு தானாக நிமிர்ந்தது. நான் நின்ற பக்கம் திரும்பி, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஒரு கும்பிடு போட்டார். வீடியோக்காரர் அதையும் எடுத்தார்.

பந்தி முடிந்து கை கழுவுகிற இடத்தில் என்னைப் பிடித்தார். "ஏலே, என்னலே பண்ணி வச்சிருக்க?"

"மொய் எழுதிருக்கேன் மாமா."

"நான் எப்பலே உங்கிட்ட வாங்குனேன்?"

"வாங்கலைன்னா இப்பவே மைக்குல சொல்லச் சொல்லிரவா மாமா?"

அப்போது அவருடைய தோட்டத்துப் பங்காளி ஒருவர் பக்கத்துக் குழாய்க்கு வந்தார். மாமா சட்டென்று என் தோளில் கையைப் போட்டு, "நம்ம பய. பாசக்காரப் பய" என்றார். அந்தக் கையின் கனம் எனக்கு நன்றாகத் தெரிந்தது.

அடுத்த வேலையாக என் மகளுக்குக் காது குத்த நாள் பார்த்தோம். கையில் காசு சேரட்டும் என்று தள்ளிப்போட்டு வைத்திருந்த விசேஷம், கையில் சல்லிக்காசு இல்லாதபோது நடந்தது. ஆடி கழிந்து ஆவணியில் முதல் முகூர்த்தம். ஊர்ச் சமுதாயக்கூடத்தைப் பிடித்தேன். மைத்துனரிடம் கடன் வாங்கிக் கிடா எடுத்தேன். கட்டிய வீட்டுக்குக் கூலி வாங்க ஊருக்கே கறிச்சோறு போட வேண்டியிருந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது. மாமாவுக்குப் பத்திரிகை வைக்க நானும் மனைவியும் நேரில் போனோம். பத்திரிகைக்குள் மொய் பில்லை நகலெடுத்து வைத்திருந்தோம். அவர் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. காபி மட்டும் வந்தது.

ஆனால் ஊர் பேசியது. ஏலக்காய் ஏலத்தில் பேசினார்கள், சலூனில் பேசினார்கள். "காமயகவுண்டன்பட்டிக்கு ஆறு லட்சம் செய்யணுமாமே, எடுத்து வச்சாச்சா?" என்று அவரிடமே கேட்டிருக்கிறார்கள். அவருக்குப் பயம் மானத்தைப் பற்றி மட்டும் இல்லை. இந்தப் பள்ளத்தாக்கில் எத்தனையோ வீட்டில் அவர் எழுதிய மொய் லட்சக்கணக்கில் நிற்கிறது. இவரே திருப்பிச் செய்யவில்லை என்றால் அவர்கள் எதற்குத் திருப்ப வேண்டும்? எனக்காகவோ நியாயத்துக்காகவோ அசையாத மனிதர் அந்த ஒரு கணக்குக்கு அசைவார் என்று என் மனைவி சொன்னாள். நான் அரைமனதாகத்தான் நம்பினேன்.

விசேஷ நாள் வந்தது. முதல் பந்தி முடிந்தது, மாமாவைக் காணோம். மகள் தாய்மாமன் மடியில் உட்கார்ந்து காது குத்தி, அழுது, சாக்லேட் வாங்கி, தூங்கியும் போய்விட்டாள். ஹார்டுவேர் கடைக்காரர் நேரத்துக்கு வந்து, முன்வரிசையில் உட்கார்ந்து, ஐந்நூறு எழுதிவிட்டுச் சாப்பிட்டார். கை துடைத்துக்கொண்டே, "கறி நல்ல பதம். நாளைக்குப் பேங்க் உண்டுல்ல தம்பி?" என்றார். உண்டு என்றேன். சட்டைப் பையில் அந்தச் செக்கின் ஓரம் தெரிந்தது. கோர்ட்டும் ஜாமீனும், பள்ளிக்கூடத்தில் மகளிடம் மற்ற பிள்ளைகள் கேட்கப்போகிற கேள்வியும் ஒன்றன்பின் ஒன்றாகக் கண் முன்னால் வந்தன. கடைசிப் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அப்போது வெடிச் சத்தம் கேட்டது. தெருமுனையிலிருந்து தவில், நாதஸ்வரம், இரண்டு கார், பழத்தட்டோடு பத்துப் பெண்கள். மாமா பட்டு வேட்டியில் இறங்கினார். ஒரு ஆள் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். மொய் மேஜையில் கட்டுக்கட்டாக வைத்தார்கள், எல்லாரும் பார்க்கும்படி, மெதுவாக. மைக்செட்காரர் அவர் பெயரை அடைமொழிகளோடு வாசித்து, "ஆறு லட்சத்துப் பத்தாயிரம்!" என்றார். விசில் பறந்தது.

மாமா மைக்கைக் கையில் வாங்கிக்கொண்டார். "நம்ம வீடு கட்டுன பய. கஷ்டப்படுறான்னு கேள்விப்பட்டேன். ஒழைக்கிற பிள்ளையக் கைதூக்கி விடுறது நம்ம கடமை இல்லையா?" என்றார். கூட்டம் கைதட்டியது. கறிச்சாப்பாடு சாப்பிட்டுவிட்டு எனக்குப் புத்தி சொன்ன பெரியவர்கள் நாலு பேரும் முன்னால் நின்று தட்டினார்கள். அது என் பணம் என்று கத்த வாய் துடித்தது. கடைக்காரர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் கும்பிட்டுக்கொண்டு நின்றேன். பிறகு மாமாவின் இலையில் நானே பாயசம் ஊற்றினேன்.

பணத்தை அங்கேயே எண்ணிக் கடைக்காரரிடம் கொடுத்தேன். அவர் செக்கை நாலாகக் கிழித்து என் உள்ளங்கையில் வைத்தார். அன்றைக்குச் சமையல் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். சந்தோஷத்திலா கேவலத்திலா என்று கேட்டால், இரண்டும்தான்.

கூட வைத்த பத்தாயிரத்தை முதலில் கவனித்தவள் என் மனைவி. "திருப்பிச் செஞ்சது ஆறு. மிச்சம் நாம திருப்ப வேண்டிய புது மொய்யில்ல வச்சிட்டுப் போயிருக்காக?" என்றாள். வழக்கப்படி அது சரிதான். ஆனால் மாமா அதை வழக்கத்துக்காக வைக்கவில்லை என்பது ஒரே மாதத்தில் தெரிந்துவிட்டது. கம்பத்தில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அந்த வீட்டைக் கட்டியவனுக்குக் கூலி கிடைத்தது என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். திவாலாகிக் கிடந்தவனை மாமா லட்சக்கணக்கில் அள்ளிக் கொடுத்துத் தூக்கிவிட்டார் என்பார்கள். போன வாரம் மெயின் ரோட்டில் கார் நின்றது, கண்ணாடி இறங்கியது. சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. "தையில மகளுக்கு வளைகாப்பு வச்சிருக்கோம் மாப்ளே. நம்ம பாக்கி ஒண்ணு உங்கிட்ட நிக்கிதுல்ல, மறந்துறாத" என்றார்.

சுற்றிலும் நாலு பேர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். "மறக்க மாட்டேன் மாமா" என்றேன்.